கையைக் கட்டு, வாயைப் பொத்து

தமிழ்நாட்டில் எந்த மழலையர் வகுப்பின் வாசலில் நின்றாலும் இந்தக் கட்டளைகள் காதில் விழும்: “கையைக் கட்டு. வாய் மேல விரல் வை.” மூன்று வயதுக் குழந்தைக்கு எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்பாகப் பள்ளி கற்றுத்தருவது இந்த உடல் நிலையைத்தான். இதை யாரும் தண்டனை என்று சொல்வதில்லை. முப்பது குழந்தைகள் கைகட்டி, உதட்டில் விரல் வைத்து, அசையாமல் உட்கார்ந்திருக்கும் வகுப்பைப் பார்த்தால் பெற்றோருக்கு மனம் நிறைகிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி “நல்லா வெச்சிருக்கீங்க” என்கிறார்.

ஆனால் தமிழில் ‘கைகட்டி வாய்பொத்தி’ என்ற தொடருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பண்ணையார் முன்னால் பண்ணையாள் நின்ற நிலை அது. கீழத்தஞ்சையில் அந்த நிலையிலிருந்து பிசகியவர்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் காத்திருந்தன. 1940களில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு போராடித்தான் அந்தத் தண்டனைகளுக்கு முடிவு கட்டினார்கள். அடிமைத்தனத்தின் அடையாளமாக நம் மொழி நினைவில் வைத்திருக்கும் அதே நிலையை, சங்கம் அமைக்க வழியே இல்லாத குழந்தைகளுக்கு ஒழுக்கம் என்ற பெயரில் இன்றும் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

மழலையர் வகுப்பில் தண்டனை ஏன் தவறு? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், ‘அதனால் பலன் இல்லை’ என்பது. அடி வாங்கும் குழந்தை பயப்படும், பயந்த குழந்தை கற்காது, அடித்தவர் இல்லாத இடத்தில் அதே செயலைத் திரும்பச் செய்யும் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனாலும் இது அறம் சார்ந்த பதில் ஆகாது. பலன் கிடைத்தால் அடிக்கலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மனைவியை அடிப்பது தவறு என்பதற்கு ‘அடித்தால் அவள் நன்றாகச் சமைப்பதில்லை’ என்று யாராவது காரணம் சொன்னால் நமக்குக் கோபம் வரும். குழந்தை விஷயத்தில் மட்டும் பலன் கணக்குப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம்?

அடிக்கிற கையும் அணைக்கிற கையும்

அடியை நியாயப்படுத்தும் பழமொழிகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. அடியாத மாடு படியாது. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? இவற்றில் ஒன்று குழந்தையை மாடாக்குகிறது, இன்னொன்று மரமாக்குகிறது. இரண்டையும்விட ஆபத்தானது, கேட்க மிகவும் இதமாக இருக்கும் மூன்றாவது வகை: ‘அடிக்கிற கைதான் அணைக்கும்.’ குழந்தையை மனுஷியாகவே வைத்துக்கொண்டு, வலி தருபவரும் அன்பு தருபவரும் ஒருவரே, அதுவே இயல்பு என்று இது கற்றுத்தருகிறது.

இந்தப் பாடத்தை ஒரு பெண்குழந்தை மூன்று வயதில் மனதில் ஏற்றிக்கொண்டால் இருபத்து மூன்று வயதில் அது அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரியா என்று கேட்டார்கள். ஏதேனும் ஒரு காரணத்துக்காகவாவது அடிப்பது சரிதான் என்றவர்கள் பெண்களில் 45 விழுக்காடு, ஆண்களில் 44 விழுக்காடு. கல்வியிலும் பெண்கள் முன்னேற்றத்திலும் பெருமை பேசும் தமிழ்நாட்டில் அப்படிச் சொன்ன பெண்கள் தேசிய சராசரியைவிட அதிகம்.

அந்த ஏழு காரணங்களில் சிலவற்றைப் பாருங்கள்: சொல்லாமல் வெளியே போவது, எதிர்த்துப் பேசுவது, வீட்டு வேலையைக் கவனிக்காமல் இருப்பது, மாமனார் மாமியாருக்கு மரியாதை கொடுக்காதது. இப்போது ஒரு எல்.கே.ஜி. வகுப்பின் குற்றப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: கேட்காமல் வெளியே போனாள், எதிர்த்துப் பேசினாள், கொடுத்த வேலையை முடிக்கவில்லை, பெரியவர்களை மதிக்கவில்லை. இரண்டும் ஒரே கை எழுதியதுபோல இருக்கின்றன. வகுப்பறையில் வாங்கிய குட்டுதான் பின்னாளில் கணவனின் அறையை ஏற்க வைக்கிறது என்று நேர்க்கோடு போட நான் வரவில்லை. வாழ்க்கை அவ்வளவு நேராகப் போவதில்லை. ஆனால் ‘மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரைத் திருத்தும் உரிமை உண்டு, அந்த உரிமை அவர் உடல்மீதும் செல்லும்’ என்ற விதி இரண்டு இடங்களிலும் ஒன்றேதான். மிக இளம் வயதில் அதைக் கற்கும் இடம் வீடும் மழலையர் வகுப்பும்.

சட்டமும் இந்த விதியைப் பாதிதான் கைவிட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2003இல், கல்வி விதிகளைத் திருத்தியது. ஆனால் அந்தச் சட்டத்தில் ‘குழந்தை’ என்றால் 6 முதல் 14 வயது வரை உள்ளவர். அடியைத் தாங்கவும் வெளியே சொல்லவும் மிகக் குறைந்த வலு கொண்ட மூன்று, நான்கு வயதுக்காரர்கள் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார்கள். மறுபுறம், 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 89ஆம் பிரிவாக இருந்து, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 27ஆம் பிரிவாகத் தொடரும் ஏற்பாடு ஒன்று உண்டு. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, பாதுகாவலரோ அவர் ஒப்புதலுடன் வேறொருவரோ நல்லெண்ணத்தோடு செய்யும் செயல், சில விதிவிலக்குகள் தவிர, குற்றமாகாது என்கிறது அது. நல்லெண்ணம் யாருடையது என்று கவனியுங்கள். அடிப்பவரின் மனதைச் சட்டம் கேட்கிறது, அடி வாங்கிய உடலைக் கேட்பதில்லை. மனைவியின் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் கணவனுக்கு விலக்கு அளிக்கும் பிரிவும் இதே சட்டத்தொகுப்பில் இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

பெண்கள் பக்கத்தில் உட்கார்

தண்டனை உடலைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு தண்டனை: சேட்டை செய்யும் பையனைப் பெண்கள் வரிசையில், இரண்டு பெண்குழந்தைகளுக்கு நடுவே உட்காரவைப்பது. வகுப்பே சிரிக்கும், பையன் தலைகுனிவான். பெரியவர்களுக்கு அது விளையாட்டு. அடியும் இல்லை, திட்டும் இல்லை.

அந்தப் பையன் என்ன கற்கிறான் என்பது தெரிந்ததே. அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கும் பெண்குழந்தைகள் என்ன கற்கிறார்கள்? அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தன் இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவளை, அவள் பக்கத்தில் இருப்பதே ஒருவனுக்கு அவமானம் என்று டீச்சர் வகுப்பு முழுவதற்கும் அறிவிக்கிறார். அவளே தண்டனையின் கருவி. அழும் பையனிடம் “பொம்பளப் புள்ள மாதிரி அழறான் பாரு” என்று சொல்லும்போதும் நடப்பது இதுவே. ஒரு வாக்கியத்தில் இரண்டு குழந்தைகளுக்கு அடி விழுகிறது.

இதைப் போன்றதே வெட்கத்தைக் கொண்டு தண்டிப்பதும். உடுப்பை நனைத்துவிட்ட குழந்தையைப் பார்த்து ‘ஷேம் ஷேம்’ என்று மற்றவர்களைக் கைதட்டவைப்பது, பாவாடை விலகியதற்காக ஒரு நான்கு வயதுக் குழந்தையை அதட்டுவது. பெண்ணின் உடல் என்றால் கூசிக்குறுக வேண்டியது என்ற நீண்ட பாடத்தின் முதல் பக்கம் இங்கே திறக்கிறது.

இப்போது பல பள்ளிகளில் ‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ வகுப்பு நடக்கிறது. பிடிக்காமல் யாராவது தொட்டால் ‘வேண்டாம்’ என்று சத்தமாகச் சொல், ஓடு, பெரியவரிடம் சொல் என்கிறோம். நல்ல பாடம். அதே டீச்சர் அடுத்த அரைமணி நேரத்தில் அவள் தொடையைக் கிள்ளினால்? அப்போது ‘வேண்டாம்’ என்று சத்தமாகச் சொன்னால் அது திமிர், ஓடினால் அடங்காமை, வீட்டில் சொன்னால் கோள் மூட்டுதல். உன் உடல் உன்னுடையது, பெரியவர்களுக்குக் கோபம் வராத நேரங்களில் மட்டும் என்றுதான் குழந்தை புரிந்துகொள்ளும். உடல்மீதான உரிமையை இப்படி நேரம் பார்த்துக் கொடுக்க முடியாது.

நட்சத்திரமும் ஒரு பிரம்பு

தண்டனைக்கு மாற்றாகச் சொல்லப்படுவது வழிநடத்தல். அது செல்லம் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு குழந்தைகள் ஒரு பொம்மைக்காக அடித்துக்கொள்கிறார்கள், ஒருத்தி மற்றவளைக் கடித்துவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தண்டனை கடித்தவளைத் தேடும். வழிநடத்தும் ஆசிரியர் முதலில் கடிபட்டவளிடம் போவார். பிறகு கடித்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு, “கடிக்க விடமாட்டேன். அவளுக்கு வலிக்குது, பாரு. உனக்கு அது வேணும்னா ‘எனக்கும் தா’ன்னு வாயால கேளு” என்பார். இங்கே விதி இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. கடிப்பதை யாரும் அனுமதிக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தையைக் குற்றவாளி ஆக்கவில்லை. மூன்று வயதில் ஆத்திரத்தை அடக்கும் திறன் இன்னும் முளைவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது, அதைச் சொல்லும் சொற்களும் போதவில்லை. இல்லாத ஒன்றைப் பயன்படுத்தவில்லை என்று ஒருத்தியைத் தண்டிப்பதில் நியாயம் இல்லை. இல்லாததைக் கொடுப்பதே ஆசிரியரின் வேலை.

ஆனால் வழிநடத்தலின் பெயரால் இன்னொன்றும் உள்ளே நுழைகிறது. பிரம்பு போன இடத்தில் ஸ்டிக்கர் வந்திருக்கிறது. அமைதியாக உட்கார்ந்தால் கையில் நட்சத்திரம், சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் தின்றால் ‘குட் கேர்ள்’. மென்மையான முறைதான், யாருக்கும் வலிக்கவில்லை. யாருக்கு அதிகம் நட்சத்திரம் கிடைக்கிறது என்று பார்த்தால், கேள்வி கேட்காத, இடத்தைவிட்டு எழாத, மற்றவர்கள் சிந்தியதைச் சொல்லாமலே துடைக்கும் குழந்தைக்கு. பெரும்பாலும் அது பெண்குழந்தை. வீட்டிலும் தெருவிலும் ஏற்கெனவே அடங்கப் பழக்கப்பட்டவளுக்குப் பள்ளி பரிசு கொடுத்து முத்திரை குத்துகிறது. அடித்து அடக்கினாலும் பாராட்டி அடக்கினாலும் நோக்கம் கீழ்ப்படிதல்தான் என்றால் மாறியது கருவி மட்டுமே.

1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை நடத்தினார்கள். வண்ணப் பேனாக்களால் வரைவதில் தாமாகவே ஆர்வம் காட்டிய குழந்தைகளில் ஒரு குழுவுக்கு மட்டும், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. பரிசெல்லாம் முடிந்து சில நாள்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தார்கள். விளையாட்டாக இருந்தது, கூலிவேலையாகிவிட்டது.

இதற்கு வெகுமுன்பே மரியா மாண்டிசோரி இதை வேறொரு வழியில் கண்டுகொண்டார். ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் 1907இல் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், நன்றாக நடப்பவருக்கு ஒரு பதக்கம், தவறு செய்பவருக்குத் தனி நாற்காலி என்று ஆசிரியை ஏற்பாடு செய்திருந்தார். ஒருநாள் மாண்டிசோரி பார்த்தபோது, தண்டனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த குழந்தையின் மார்பில் பதக்கம் இருந்தது. அதை வென்ற குழந்தை, தன் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. வேலையில் மூழ்கிய குழந்தைக்குப் பதக்கம் ஒரு பொருட்டே இல்லை. பரிசும் தண்டனையும் இல்லாத வகுப்பறை என்ற எண்ணம் இப்படித்தான் உறுதிப்பட்டது.

ஆகவே ஒரு வகுப்பறை உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று அறிய, அங்கே பிரம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஒரு பெண்குழந்தை அங்கே ‘வேண்டாம்’ என்று சொன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பொறுமை யாருடைய கடமை?

மழலையர் வகுப்பில் அடிக்கும் கை பெரும்பாலும் பெண்ணின் கை. பெண்ணியம் இதைப் பேசத் தயங்கக்கூடாது. பெண்களின் கையால் குழந்தைகள் படும் வன்முறையைப் பெண்ணியம் நேர்கொண்டு பார்க்க வேண்டும் என்று பெல் ஹூக்ஸ் வலியுறுத்தினார். துன்புறுத்தலும் அன்பும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. வேறெங்கும் அதிகாரம் கொடுக்கப்படாத ஒருத்திக்குக் குழந்தையின்மீது மட்டும் முழு அதிகாரம் கொடுக்கப்படுகிறது. மேலிருந்து வரும் அழுத்தம் அந்த வழியாகக் கீழே இறங்குகிறது.

அங்கன்வாடியை எடுத்துக்கொள்வோம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் இன்று சுமார் 54 ஆயிரம் மையங்கள் இயங்குகின்றன. அங்கே பணிபுரிபவர்கள் பெண்கள். பாடத்திட்டத்தின் பெயர் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. ஆடவும் பாடவும் அவர்களுக்கு நேரம் எங்கே? எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், பதிவேடு எழுத வேண்டும், அதையே மறுபடி கைபேசியில் ஏற்ற வேண்டும். பிழை வந்தால் மெமோ. தேசிய அளவில் இவர்கள் இன்னும் ‘மதிப்பூதியப் பணியாளர்கள்’. முழு அளவிலான மையத்தின் பணியாளருக்கு ஒன்றிய அரசின் கணக்கு 2018இல் மாதம் 4,500 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. தமிழ்நாடு தன் பங்காகக் கூடுதலாகக் கொடுத்தாலும் ஒரு அரசு ஆசிரியரின் ஊதியத்துக்கு அது பக்கத்தில் வராது. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை நிலைநாட்டவே 2022இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இந்த நிலையில் ‘டீச்சர்கள் தாயுள்ளத்தோடு நடந்துகொள்ள வேண்டும்’ என்ற அறிவுரையைப் பயிற்சி வகுப்பில் கேட்கும்போது எரிச்சல் வருவது நியாயமே. தாய்மை என்று சொல்லிவிட்டால் கூலி கொடுக்க வேண்டாம், ஆள் போட வேண்டாம். வழிநடத்தலுக்குப் பொறுமை வேண்டும். பொறுமைக்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பெண்ணின் குணமாக மாற்றிவிட்டு மற்றவற்றை அரசு மறந்துவிடுகிறது.

அதனால் கிள்ளியது சரி என்றாகிவிடாது. குறைந்த கூலி அந்தக் கையின் களைப்பை விளக்கும், குழந்தையின் தொடையில் உள்ள தழும்பை நியாயப்படுத்தாது. அவளுக்கு இழைக்கப்படும் அநீதிக்கான விலையை அவளைவிட வலுக்குறைந்த ஒருத்தி கட்ட வேண்டியதில்லை. இரண்டு உண்மைகளையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நமக்கு ஒரு முன்னோடி உண்டு. தாராபாய் மோடக் 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரை ஊரான போர்டியில் குழந்தைப் பள்ளி தொடங்கினார். பதின்மூன்று வயதிலேயே விதவையான அனுதாய் வாக் அவரோடு சேர்ந்துகொண்டார். விளிம்பில் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது, அவர்களையோ பெற்றோரையோ குறை சொல்லாமல், பள்ளியை அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். அங்கன்வாடி என்ற சொல்லில் உள்ள ‘அங்கன்’ அந்த முற்றம்தான். பின்னர் கோஸ்பாட் மலையில் வார்லி பழங்குடியினரிடையே பணிபுரிந்தபோது, தம்பி தங்கைகளை இடுப்பில் சுமக்கும் அக்காக்களால் படிக்க வர முடியவில்லை என்று கண்டார்கள். தொடக்கப்பள்ளி, மழலையர் வகுப்பு, கைக்குழந்தைகளுக்கான காப்பகம் மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தார்கள். வராத சிறுமிக்குத் தண்டனை கொடுத்திருந்தால், அவள் இடுப்பில் இருந்த குழந்தையின் பாரத்தோடு அதுவும் சேர்ந்திருக்கும். வழிநடத்தல் என்பது குழந்தையிடம் இனிமையாகப் பேசுவதோடு முடிவதில்லை. குழந்தையால் நடக்க முடிகிற அளவுக்கு வழியைச் சரிசெய்வதும் அதில் அடங்கும்.

“அடிச்சாவது படிக்க வையுங்க”

கடைசியாக ஒரு மறுப்பு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு உரிச்சு எடுங்க, ஆனா எப்படியாவது படிக்க வெச்சிடுங்க” என்று பிள்ளையை ஒப்படைத்துவிட்டுக் கூலிவேலைக்குப் போகும் தாயின் குரல் அது. அவளுக்கு அடி என்பது அக்கறையின் அத்தாட்சி. மேல்சாதி ஆசிரியர் தன் பிள்ளையைத் தொடாமல் ஒதுக்கிய காலத்தை அவள் குடும்பம் பார்த்திருக்கிறது. ஒதுக்குவதைவிட அடிப்பது மேல் என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. உலகம் தன் மகளைத் தன்னைவிடக் கொடூரமாகத் தண்டிக்கும், இப்போதே பழகட்டும் என்ற பயமும் அதில் இருக்கிறது. இந்தத் தாய்க்கு அறியாமை என்று முத்திரை குத்துவது வசதி படைத்தவர்களின் சொகுசு.

ஆனால் அவள் கேட்பது அடியை அல்ல, தன் மகள் கைவிடப்பட மாட்டாள் என்ற உறுதியை. அந்த உறுதியை அடி இல்லாமலே தருவது பள்ளியின் கடமை. இன்று நடப்பது என்ன? தொழிலாளர் குடியிருப்பின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய மாண்டிசோரி முறை, அதை உருவாக்கியவரே 1939இல் சென்னைக்கு வந்து கற்பித்த முறை, இங்கே பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகளுக்கானது. அவர்களுக்கு ‘எதை எடுத்து விளையாடப்போறே?’ என்ற கேள்வி. மற்றவர்களுக்குக் கையைக் கட்டு, வாயைப் பொத்து. ஒரு பக்கம் உத்தரவிடப் பழகுகிறார்கள், மறுபக்கம் உத்தரவுக்குப் பழகுகிறார்கள். நாளைய முதலாளியும் நாளைய வேலைக்காரியும் மூன்று வயதிலேயே பிரிக்கப்பட்டுவிடுகிறார்கள்.

தண்டனையற்ற வகுப்பறையை நல்ல மனம் கொண்ட டீச்சரின் தயவாக விட்டுவைக்க முடியாது. மூன்று வயதுக் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளும் சட்டம் வேண்டும். ஒரு ஆசிரியருக்கு இத்தனை குழந்தைகள்தான் என்ற வரம்பு வேண்டும். அவர் செய்வது வேலை என்று ஒப்புக்கொள்ளும் ஊதியம் வேண்டும். தன்மீது அதிகாரம் செலுத்துபவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பார்த்து, அதனால் அன்பை இழக்காமல் இருந்த அனுபவம் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒருமுறையாவது வாய்க்க வேண்டும். அது எவ்வளவு சீக்கிரம் வாய்க்கிறதோ அவ்வளவு நல்லது.